ஊசி போட்டும் வந்துவிட்டதே?

"ஊசி போட்டும் வந்துடுச்சேம்மா. அப்புறம் எதுக்கு அதைப் போட்டுக்கிட்டேன்?"

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்த அப்பா என்னிடம் கேட்டார். குரலில் கோபம் இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது. அப்போது அவருக்கு 73 வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், சர்க்கரையும் உண்டு. இரண்டு மாதங்களுக்கு முன் நான்தான் வற்புறுத்தி அவருக்கு ஃப்ளூ தடுப்பூசி போட வைத்திருந்தேன்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. பதில் தெரியாதது ஒரு காரணம். இன்னொன்று, அந்தக் காய்ச்சலை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததே நான்தான். சில நாட்களுக்கு முன் அவரைப் பார்க்கப் போனபோது எனக்குத் தொண்டை லேசாகக் கரகரத்தது. வெறும் சளிதான் என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னல் சாத்திய அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். மறுநாள் எனக்குக் காய்ச்சல், அதற்கு இரண்டு நாள் கழித்து அவருக்கு. எனக்கு நான்கு நாளில் சரியாகிவிட்டது. அவர் ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தார்.

அப்பாவுக்கு ஊசி போட வைத்த நான், எனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிற எனக்கு எதற்கு என்ற எண்ணம். அந்த ஐந்து நாட்களில் மனதை அறுத்தது அதுதான்.

அப்பா நல்லபடியாக வீடு திரும்பினார். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. அதற்கு ஒரு நேர்மையான பதிலைச் சொல்லிவிட வேண்டும் என்று படித்தேன், மருத்துவர்களிடம் கேட்டேன். அப்படித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் நடந்தது இன்னொரு வீட்டில் நடக்க வேண்டாம்.

முதலில் ஒரு சதவீதக் கணக்கு. வைரஸும் ஊசியும் நன்றாகப் பொருந்திப்போகிற ஆண்டில், ஃப்ளூ வந்து மருத்துவரிடம் போகவேண்டிய வாய்ப்பை ஊசி 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கும் என்பார்கள். இதைக் கேட்டதும் நிறையப் பேர், "அப்படியானால் பாதிப் பேருக்கு ஊசி வேலையே செய்யவில்லையா?" என்று எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையான கணக்கு வேறு. ஊசி போடாத 100 பேரில் அந்தப் பருவத்தில் 10 பேருக்கு ஃப்ளூ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊசி போட்ட 100 பேரில் அது ஏறக்குறைய 5 பேருக்கு வரும். அந்த ஐந்து பேரும் "போட்டும் வந்துவிட்டதே" என்று சொல்வார்கள், அதில் பொய்யும் இல்லை. தப்பித்த ஐந்து பேருக்கோ தாங்கள் தப்பித்ததே தெரியாது. வராத காய்ச்சலைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்?

இன்னும் முக்கியமான விஷயம், ஊசி செய்கிற வேலை "வந்ததா, வரவில்லையா" என்பதோடு முடிவதில்லை. வந்த நோய் எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. 2021-ல் வெளியான ஓர் ஆய்வு, ஃப்ளூவோடு மருத்துவமனையில் சேர்ந்த பெரியவர்களைப் பற்றியது. அவர்களில் ஊசி போட்டிருந்தவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் ஆபத்து 26 சதவீதமும், இறக்கும் ஆபத்து 31 சதவீதமும் குறைவாக இருந்தன. அதாவது நோய் முற்றி மருத்துவமனைக் கட்டிலுக்கு வந்த பிறகும் அந்த ஊசி உடலுக்குள் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

என் அப்பாவுக்கு அது என்ன செய்தது? அவர் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. ஊசி இல்லாமல் அதே நோயை எதிர்கொண்ட இன்னொரு அப்பா எனக்கு இல்லையே, ஒப்பிட்டுப் பார்க்க. ஆனால் வென்டிலேட்டர் வரை போகாமல் ஐந்தாம் நாள் அவர் நடந்து வெளியே வந்ததில் அந்த ஊசிக்குப் பங்கு இருக்கலாம் என்று நான் மனதார நம்புகிறேன்.

சரி, ஒரு தடவை போட்டால் போதாதா, ஏன் ஆண்டுதோறும்? தட்டம்மை ஊசி மாதிரி வாழ்நாளுக்கும் நிற்கக்கூடாதா?

ஃப்ளூவை உண்டாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸின் மரபுப் பொருள் ஆர்என்ஏ. தன்னைப் பிரதி எடுக்கும்போது அது எழுத்துப்பிழை விடும், பிழையைத் திருத்துகிற ஏற்பாடும் அதனிடம் கிடையாது. அந்தப் பிழைகளில் சில, அதன் மேற்பரப்பில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் ஹீமாக்ளுட்டினின் என்ற புரதத்தின் தோற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவிடும். நம் உடலின் எதிர்ப்பாற்றல் அடையாளம் வைத்துக்கொள்வது பெரும்பாலும் அந்த முள்ளைத்தான். போன வருடம் பார்த்த ஆளே இந்த வருடம் தாடி வளர்த்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றால் காவல்காரருக்கு உடனே பிடிபடாது அல்லவா? அப்படித்தான். எச்3என்2 என்ற வகை இதில் மற்றவற்றைவிட வேகமானது. இதோடு, ஊசியால் கிடைத்த எதிர்ப்பாற்றலும் மாதங்கள் போகப்போக மெல்லக் குறைகிறது.

இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் அடிபட்டுத்தான் கற்றது. மனிதர்களிடமிருந்து இன்ஃப்ளூயன்சா வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தது 1933-ல், லண்டனில். நோயாளியின் தொண்டை நீரை ஃபெரட் என்ற, கீரி போன்ற சிறு பிராணிக்குச் செலுத்தி நோயை உண்டாக்கினார்கள். அப்படி நோயுற்ற ஒரு ஃபெரட், வில்சன் ஸ்மித் என்ற ஆய்வாளரின் முகத்தில் தும்ம, அவருக்கு ஃப்ளூ வந்தது. அவரிடமிருந்து எடுத்த வைரஸ் பிறகு பல ஆண்டுகள் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் பயன்பட்டது. 1940-களில் அமெரிக்காவில் தாமஸ் பிரான்சிஸும், பின்னாளில் போலியோ தடுப்பூசியால் புகழ்பெற்ற ஜோனாஸ் சால்க்கும் ஃப்ளூவுக்குத் தடுப்பூசி உருவாக்கினார்கள். முதலில் நன்றாகவே வேலை செய்தது. 1947-ல் கைவிட்டது. வைரஸ் அதற்குள் சட்டையை மாற்றியிருந்தது.

1952-ல் உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூவைக் கண்காணிக்க ஒரு வலையமைப்பைத் தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் ஆய்வகங்கள் அதில் இருக்கின்றன. காய்ச்சலோடு வரும் ஒருவரின் மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் மாதிரி, அங்கிருந்து பெரிய ஆய்வகங்களுக்குப் போகிறது. ஆண்டுக்கு இரண்டு தடவை நிபுணர்கள் கூடுகிறார்கள். பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு. அடுத்த குளிர்காலத்தில் எந்த வகைகள் சுற்றும் என்று கணித்து ஊசிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். பருவம் தொடங்க ஏறக்குறைய ஆறு மாதம் இருக்கும்போதே இதை முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. காரணம், பெரும்பாலான ஃப்ளூ ஊசிகளுக்கான வைரஸை இன்றும் கருவுற்ற கோழிமுட்டைகளில்தான் வளர்க்கிறார்கள். அதற்கு நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில் வைரஸ் இன்னொரு பக்கம் திரும்பிவிட்டால், அந்த ஆண்டு ஊசியின் பலன் குறையும். முட்டையே தேவைப்படாத, செல்களில் வளர்க்கும் ஊசிகளும் மரபுப் பொறியியல் வழியில் செய்யும் ஊசிகளும் இப்போது இருக்கின்றன. இவற்றை நான் பெரிதும் எதிர்பார்க்கிறேன்.

ஊசி போட்ட கணமே பாதுகாப்பு வந்துவிடாது. உடல் தயாராக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். எனவே சுற்றிலும் எல்லாரும் இருமத் தொடங்கிய பிறகு ஓடுவதைவிட, பருவம் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது. பருவம் என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றில்லை. குளிர் நாடுகளில் அது குளிர்காலம், பூமத்திய ரேகைக்கு அருகே ஆண்டு முழுவதும் ஏற்ற இறக்கத்தோடு சுற்றும். நீங்கள் இருக்கும் இடத்தில் எப்போது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலம் தவறிவிட்டது என்றாலும் விட்டுவிடாதீர்கள், பருவத்தின் நடுவில் போட்டாலும் மீதி நாட்களுக்குப் பயன் உண்டு.

"ஊசி போட்டதால்தான் காய்ச்சலே வந்தது" என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கையில் போடும் ஃப்ளூ ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ் அல்லது அதன் புரதம் மட்டுமே. அது நோயை உண்டாக்க முடியாது. ஓரிரு நாள் கைவலி, உடல்வலி, லேசான சூடு இருக்கலாம். உடல் பாடம் படிக்கும்போது வருகிற அலுப்பு அது. முன்பு ஏதேனும் ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வயதானவர்களின் உடல் சாதாரண ஊசிக்கு மந்தமாகவே பதில் தருகிறது. அதனால் 65 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே, நான்கு மடங்கு மருந்து உள்ள ஊசியும் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் துணைப்பொருள் சேர்த்த ஊசியும் இருக்கின்றன. இதை நான் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். முன்பே கேட்டிருக்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவருக்காகப் போகும்போது அப்படி ஏதாவது கிடைக்குமா என்று தயங்காமல் கேளுங்கள்.

இதயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃப்ளூ என்றால் மூக்கும் நுரையீரலும் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கனடாவின் ஒன்டாரியோவில் செய்யப்பட்டு 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு என்று கண்டது. தொற்று உண்டாக்கும் அழற்சி, இரத்தம் உறையும் போக்கைக் கூட்டி, ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்திருக்கும் கொழுப்பையும் குலைத்துவிடுகிறது. ஸ்டென்ட் வைத்த ஒருவர் பக்கத்தில் தொண்டைக் கரகரப்போடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதை அப்போது நினைத்துப் பார்த்தேன். பல நாள் தூக்கம் வரவில்லை.

கோவிட் ஊசியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் அனுபவம் இருக்கிறது. அந்த வைரஸும் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஊசியையும் அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள். வைரஸின் புரதத்தைச் செய்துகொள்ளும் குறிப்பை மட்டும் உடலுக்குக் கொடுக்கிற எம்ஆர்என்ஏ முறையில் அந்த மாற்றத்தை விரைவாகச் செய்ய முடிகிறது. முதியவர்களும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் புதுப்பித்த ஊசியைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

ஆர்எஸ்வி என்ற பெயரை நான் அந்த மருத்துவமனையில்தான் முதலில் கேட்டேன். அதன் கதை என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. 1956-ல் ஆய்வுக்கூடச் சிம்பன்சிகளுக்குச் சளி பிடித்தபோது கண்டுபிடிக்கப்பட்ட வைரஸ் இது. பெரியவர்களுக்கு வந்தால் சாதாரணச் சளி போலத்தான் இருக்கும். கைக்குழந்தையின் நூலிழை போன்ற மூச்சுக்குழாய்களிலோ முதியவரின் தளர்ந்த நுரையீரலிலோ இறங்கினால் மூச்சுத் திணறல். உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறக்குறைய ஒரு லட்சம் குழந்தைகள் ஆண்டுதோறும் இதனால் இறக்கிறார்கள்.

1960-களின் நடுவில் இதற்கு ஒரு தடுப்பூசியைச் சோதித்தார்கள். ஃபார்மலின் கொண்டு செயலிழக்கச் செய்த வைரஸ். போலியோவில் வெற்றி கண்ட வழி. ஆனால் இங்கே அது தலைகீழாகிவிட்டது. ஊசி போட்ட குழந்தைகளுக்குப் பிறகு இயற்கையாக ஆர்எஸ்வி தொற்றியபோது நோய் இன்னும் கடுமையாக வந்தது. இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பின் பல பத்தாண்டுகள் இந்த வழியில் கால் வைக்கவே தயங்கினார்கள். பிறகு ஒரு காரணம் புலப்பட்டது. செல்லுக்குள் நுழைய வைரஸ் பயன்படுத்தும் எஃப் என்ற புரதத்துக்கு இரண்டு உருவங்கள் உண்டு, நுழைவதற்கு முன் ஒன்று, நுழைந்த பின் ஒன்று. பழைய ஊசி பெரும்பாலும் பின்னதையே உடலுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. 2013-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம் குழுவினர் முன் உருவத்தின் அமைப்பைத் துல்லியமாகப் படம்பிடித்து, அது உருமாறாதபடி நிலைநிறுத்தவும் வழி கண்டார்கள். அதை அடிப்படையாகக் கொண்ட முதல் ஊசிகள் 2023-ல் முதியவர்களுக்கு அனுமதி பெற்றன. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய்க்குப் போட்டால், அவர் உடலில் உருவாகும் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய்ச் சேர்கின்றன. பிறந்த குழந்தைக்கே நேரடியாகக் கொடுக்கும் நிர்செவிமாப் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரதமும் வந்துவிட்டது.

அந்த இரண்டு குழந்தைகளின் பெற்றோரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தடுப்பூசி என்றால் பயம் என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபம் வராததற்கு இந்தக் கதை ஒரு காரணம். பயத்துக்குக் காரணங்கள் இருந்திருக்கின்றன. அந்தத் தவறை யாரும் மூடி மறைக்காமல், ஏன் நடந்தது என்று அரை நூற்றாண்டாகத் தேடியதால்தான் இன்றைய ஊசிகள் வந்தன.

ஊசியை மட்டும் நம்பி உட்கார்ந்துவிட முடியாது என்பதையும் அப்பா விஷயத்தில் கற்றுக்கொண்டேன். சாதாரணச் சளியைத் தரும் ரைனோவைரஸில் மட்டும் 150-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, அதற்கு ஊசியே கிடையாது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறதென்றால் அது காற்று.

வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்கர் 1930-களிலேயே, மூச்சில் வெளியாகும் மிகச்சிறு துளிகள் உலர்ந்து காற்றில் மிதந்து நோய் பரப்பும் என்று எழுதினார். மருத்துவ உலகம் இதை முழுமையாக ஏற்க நீண்ட காலம் பிடித்தது. 2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து, கொரோனா காற்றில் பரவுவதைக் கவனியுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டியிருந்தது. இருமலும் தும்மலும் மட்டுமல்ல, பேச்சும் மூச்சுமே போதும். ஃப்ளூவில் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடுகிறோம். நான் தொண்டைக் கரகரப்போடு பேசிய அந்த இரண்டு மணி நேரமும் அறை கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்துகொண்டிருந்தது. புகைபிடிப்பவர் ஒருவர் மூடிய அறையில் இருந்தால் எப்படி நாற்றம் அறை முழுக்க நிறையுமோ அப்படி. ஜன்னல் திறந்திருந்தால்?

அதனால் இப்போது எங்கள் குடும்பத்தில் யாருக்காவது சளி என்றால், எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்கிறோம். ஸ்பிளிட் ஏசி பெரும்பாலும் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே திரும்பத் திரும்பச் சுழற்றும் என்பது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. கரியமில வாயு அளவு காட்டும் சிறு கருவி ஒன்று வாங்கினேன். காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்று அது காட்டும் எண், வெளியே 420-ஐ ஒட்டி இருக்கும். ஆட்கள் நிறைந்த மூடிய அறையில் 1,500-ஐத் தாண்டிவிடுகிறது. அந்த எண் ஏற ஏற, மற்றவர்கள் விட்ட மூச்சை நாம் கூடுதலாக இழுத்துக்கொண்டிருக்கிறோம். வைரஸைக் கருவி காட்டாது, ஆனால் எப்போது ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று காட்டும்.

முகக்கவசத்தில் என்95 வகையின் இழைகள் மின்னூட்டம் பெற்றவை. சல்லடை போல வடிகட்டுவது மட்டுமல்ல, நுண்துகளை ஈர்த்தும் பிடித்துக்கொள்கின்றன. மூக்கின் மேல் கம்பியை அழுத்தி, ஓரங்களில் காற்று கசியாமல் போட்டால்தான் முழுப் பலன். கை கழுவுவதும் அவசியம்தான், சோப்பு போட்டு 20 நொடி. அதை எல்லாரும் அறிவோம்.

காற்றைக் கவனித்தால் என்ன நடக்கும் என்பதற்கு என்னிடம் ஒரு சான்று இருக்கிறது. ஃப்ளூ வைரஸில் பி-யமகாட்டா என்று ஒரு கிளை இருந்தது. ஊசிகளில் அதற்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். உலகம் முகக்கவசம் போட்டு, விலகி இருந்த 2020 மார்ச்சுக்குப் பிறகு அது எங்கும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. ஊசியில் அது இனி தேவையில்லை என்று 2023 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் சொன்னார்கள். கொரோனாவுக்காகச் செய்ததாலோ என்னவோ, பல பத்தாண்டுகள் மனிதர்களிடையே சுற்றிய ஒரு வைரஸ் கிளை கண்ணில் படாமலே போய்விட்டது.

நோய் வந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம் என்பதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஃப்ளூவுக்கான ஓசல்டாமிவிர் மாத்திரை, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக உதவும். முதியவர், கர்ப்பிணி, இதய நோயோ ஆஸ்துமாவோ சர்க்கரையோ உள்ளவர் என்றால் "இரண்டு நாள் பார்ப்போம்" என்ற பேச்சே கூடாது. அப்பா அப்படித்தான் இரண்டு நாள் பார்த்தார். ஆன்டிபயாட்டிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. மூச்சு வாங்குவது, நெஞ்சு வலிப்பது, உதடு நீலமாவது, குழந்தை பால் குடிக்க மறுப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கிளம்பிவிடுங்கள்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. கீமோதெரபி எடுப்பவருக்குப் போட்டாலும் பலன் குறைவாகவே இருக்கலாம். அவர்களைச் சுற்றி இருக்கும் நாம் போட்டுக்கொள்வதுதான் அவர்களுக்கு அரண். எனக்கு எதற்கு என்று நான் கேட்டபோது, இந்தக் கணக்கு என் மனதில் இல்லை.

அப்பாவிடம் இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. மெல்ல மெல்லத்தான் சொன்னேன். நான் போட்டுக்கொள்ளாததையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இந்த வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ப் போட்டுக்கலாம்மா" என்றார். அப்படியே போனோம், அதற்கு அடுத்த வருடமும்.

போன மாதம் அவருடைய பிறந்தநாள். கிளம்ப வேண்டிய காலையில் எனக்குத் தொண்டையில் அதே கரகரப்பு. காய்ச்சல் இல்லை. வீட்டிலேயே செய்த பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் போன் செய்து, இன்னொரு நாள் வருகிறேன் அப்பா என்றேன். ஒரு நிமிடம் அமைதியாக இருந்தார்.

"சரிம்மா, நல்லாயிட்டு வா. ஜன்னலோரமா ரெண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன்."